ஓவிய வகுப்புக்கு யார் பொறுப்பு?

அரசுப் பள்ளியில் கலைக்கல்வி தரப்பட வேண்டும் என்பது நாட்டின் சட்டம். 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் இறுதியில் ஓர் அட்டவணை இருக்கிறது. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் நூறு குழந்தைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் முழுநேரத் தலைமையாசிரியர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும், கலைக்கல்விக்கும் உடற்கல்விக்கும் பணிக்கல்விக்கும் தனித்தனியே பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. கழிப்பறை, குடிநீர், விளையாட்டுத் திடல், நூலகம், சுற்றுச்சுவர் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியதும் இதே அட்டவணைதான். கழிப்பறை இல்லாத பள்ளி செய்தியாகிறது, மாவட்ட ஆட்சியர் வரைக்கும் மனு போகிறது. ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சட்டம் இரண்டையும் ஒரே தாளில்தான் எழுதியிருக்கிறது.

சட்டம் தந்த உரிமையும் குறுகியதுதான். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் குழந்தைக்குக் கலை ஆசிரியர் வேண்டும் என்று அட்டவணை சொல்லவில்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் அந்தச் சட்டமே செல்லாது. ஆக, பன்னிரண்டு ஆண்டுப் பள்ளி வாழ்க்கையில் மூன்றே ஆண்டுகளுக்குத்தான் இந்த உரிமை. அந்த மூன்று வகுப்புகளில் அறுபது, எழுபது பேர் மட்டுமே படிக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு அதுவும் இல்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன தகுதி, என்ன ஊதியம் என்பதையும் அட்டவணை வரையறுக்கவில்லை. தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு 2005-லேயே, பத்தாம் வகுப்பு வரை கலை கட்டாயப் பாடமாக வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. நான்கு ஆண்டு கழித்து வந்த சட்டம் அந்தப் பரிந்துரையில் ஒரு கீற்றை மட்டுமே எடுத்துக்கொண்டது.

அந்தக் கீற்றாவது குழந்தைகளுக்குக் கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? தமிழ்நாட்டின் எல்லா ஊருக்கும் உரிய கேள்விதான் இது. ஆனால் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிக்கு இதில் கூடுதல் அழுத்தம் உண்டு. வரைந்த கோட்டை நம்பிப் பிழைக்கும் ஊர் அது.

காகிதத்தில் பிறக்கும் மயில்

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணியின் பட்டுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நகரத்திலும் ஒண்ணுபுரம், தேவிகாபுரம், முனுகப்பட்டு போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் வீட்டுக்குள்ளேயே தறி ஓடுகிறது. வெளியூரில் இருந்து வருபவர் கண்ணுக்குத் தறியும் சரிகையும் சாயமும் தெரியும். அவற்றுக்கெல்லாம் முன்னால் நடக்கும் வேலை தெரியாது.

கரையிலும் முந்தியிலும் வரும் மயிலும் அன்னமும் மாங்காயும் முதலில் கிராஃப் தாளில் பிறக்கின்றன. டிசைன் போடுபவர் தாளில் உருவத்தின் வெளிக்கோட்டை வரைகிறார். பிறகு அதைக் கட்டங்களாக மாற்ற வேண்டும். மேலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு வரிசையும் ஜக்கார்டு பெட்டியில் ஒரு கொக்கி. அந்தக் கொக்கி தூக்கினால் அதோடு கட்டிய பாவு இழைகள் எழும். குறுக்கே ஓடும் ஒவ்வொரு வரிசையும் ஓர் ஊடை. வண்ணம் தீட்டிய கட்டத்தில் கொக்கி தூக்க வேண்டும், வெறும் கட்டத்தில் தூக்கக் கூடாது. மயிலின் கழுத்து வளைவைச் சதுரங்களால் கொண்டுவருவதில்தான் வித்தை இருக்கிறது. எந்த இடத்தில் ஒரு கட்டம் தள்ளினால் வளைவு வழுக்கிக்கொண்டு வரும், எந்த இடத்தில் இரண்டு கட்டம் தள்ளினால் படிக்கட்டாகத் தெரியும் என்பதைக் கண்தான் முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகு குறுக்கு வரிசை ஒன்றுக்கு ஓர் அட்டை என்று துளை அடித்து, அட்டைகளைச் சங்கிலியாகக் கோர்த்து ஜக்கார்டில் ஏற்றுகிறார்கள். ஒரு கட்டம் பிசகினால் அந்தப் பிழை கரை நெடுக ஒவ்வொரு மயிலிலும் திரும்பத் திரும்ப வரும்.

இன்றைக்கு இந்த வேலையில் பெரும்பகுதி கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. கட்டத்தை மென்பொருள் நிரப்புகிறது, அட்டையை இயந்திரம் அடிக்கிறது. ஆனால் பழைய கோபுரக் கரையைப் புதிதாக எப்படிப் போடலாம், உடலின் நிறத்துக்கு எந்த நிற முந்தி பொருந்தும், புட்டாவுக்கும் புட்டாவுக்கும் நடுவில் எவ்வளவு வெற்றிடம் விட்டால் புடவை மூச்சு விடும் என்பதை வரைந்து பழகிய கண் மட்டுமே சொல்லும். ஊரில் நெய்யத் தெரிந்தவர் பலர், டிசைன் போடத் தெரிந்தவர் சிலர். கொண்டுவந்து தரும் டிசைனைக் கூலிக்கு நெய்பவருக்கும் தானே டிசைன் உருவாக்குபவருக்கும் இடையே வருமானத்தில் இருக்கும் தூரம் நெசவுக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும்.

தறியை விட்டு வெளியேற நினைக்கும் பிள்ளைக்கும் இதே திறமை வேண்டும். தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்டில் சேர, படைப்புத் திறனைச் சோதிக்கும் தாள் ஒன்றை எழுத வேண்டும். கட்டடக்கலை படிப்பதற்கான நாட்டா தேர்வில் வரைதல் ஒரு பகுதி. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உண்டு. சென்னைக் கல்லூரிக்கு வயது 170-ஐத் தாண்டிவிட்டது, 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப் பள்ளியின் வழியில் வந்தது அது. பள்ளியில் பென்சிலைச் சாய்த்துப் பிடிக்கக்கூட யாரும் சொல்லித் தராத நெசவாளர் வீட்டுப் பெண், பணம் கட்டிப் பயிற்சி பெற்ற நகரத்துப் பிள்ளைகளோடு இந்த வாசல்களில் போய் நிற்கிறாள். ஆரணியில் ஓவிய வகுப்பு என்பது அவளுக்குச் சமவாய்ப்பு தரும் விஷயம்.

கலைக்கல்வி ஓவியத்தோடு முடிவதும் இல்லை. இதே மாவட்டத்தில் செய்யாறு அருகே உள்ள புரிசை, தெருக்கூத்துக்கு நாடறிந்த ஊர். சங்கீத நாடக அகாடமி விருது பெற்ற கண்ணப்பத் தம்பிரான் வாழ்ந்து ஆடிய மண் அது. இசையும் ஆட்டமும் ஒப்பனையும் வசனமும் ஒன்றாகக் கூடும் ஒரு கலை, பள்ளிக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் விடிய விடிய நடக்கிறது. வகுப்பறைக்குள் அதற்கு வழி வைத்தவர் இல்லை.

பதினாறாயிரம் பேர், மூன்று அரை நாள்

சட்டம் வந்தபோது தமிழ்நாடு கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. 2011 நவம்பரில் வெளியான அரசாணை 177-இன்படி 16,549 பகுதிநேர ஆசிரியர் பணியிடங்கள் உருவாக்கப்பட்டன. உடற்கல்விக்கு 5,392, ஓவியத்துக்கு 5,253, தையல், இசை, கணினி முதலியவை அடங்கிய தொழிற்கல்விப் பிரிவுக்கு 5,904. அனைவருக்கும் கல்வி இயக்க நிதியில் இருந்து மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. 2012-இல் இவர்கள் பள்ளிகளுக்கு வந்தார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் நாட்டில் வேறு பல மாநிலங்கள் எட்டாத உயரம் அது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சிக்கல் அதன் பிறகு தொடங்கியது. 5,000 ரூபாய் 7,000 ஆகி, பிறகு 7,700 ஆகி, 2021-இல் 10,000 ஆகி, 2024 தொடக்கத்தில் 12,500 ஆனது. மே மாதம் கோடை விடுமுறை என்பதால் அந்த மாதத்துக்கு ஊதியம் இல்லாமலே பல ஆண்டுகள் ஓடின. பணி நிரந்தரம் செய்வதாக 2021 தேர்தல் அறிக்கையில் 181-ஆவது வாக்குறுதியாகத் தி.மு.க. சொன்னது. அதற்குப் பிறகும் சென்னையில் கல்வித் துறை அலுவலகங்கள் உள்ள டி.பி.ஐ. வளாகத்தில் இவர்கள் பல முறை போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், கைதானார்கள். வேலையை விட்டவர்களும் ஓய்வு பெற்றவர்களும் இறந்தவர்களும் போக, 16,549 பேரில் சுமார் 12,000 பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். காலியான இடங்கள் காலியான வேகத்தில் நிரப்பப்படவில்லை என்பதற்கு இந்தக் கழித்தல் கணக்கே சாட்சி.

மூன்று அரை நாளில் எவ்வளவு கற்றுத்தர முடியும்? அரை நாளுக்கு நான்கு பாடவேளை என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்குப் பன்னிரண்டு. 6 முதல் 8 வரை வகுப்புக்கு இரண்டு பிரிவு என்றால் ஆறு பிரிவுகள், பிரிவுக்கு வாரம் இரண்டு பாடவேளை கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே ஆசிரியர் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கும் போக வேண்டுமென்றால் அது ஏறக்குறைய ஒன்றாகக் குறையும். அந்த ஒன்றும் காலாண்டு, அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும். விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்தில் விவரம் ஏற்றுவதும் தங்கள் தலையில் விழுகின்றன என்பது பகுதிநேர ஆசிரியர்களின் நீண்ட நாள் குறை. வேலை நிரந்தரமில்லாத ஒருவர் தலைமையாசிரியரிடம் போய், "என் பாடவேளையை எடுக்காதீர்கள்" என்று சொல்வது நடக்கிற காரியம் இல்லை.

நிரந்தரச் சிறப்பாசிரியர்களின் கதை வேறு விதமாக இழுபட்டது. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆகியவற்றில் 1,325 இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017-இல் தேர்வு நடத்தியது. சான்றிதழ் தகுதி பற்றிய வழக்குகளால் நியமனம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. இந்தச் சான்றிதழ்களைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியம், தையல், இசை ஆகியவற்றோடு கைத்தறி நெசவும் ஒரு பாடம். தறியைக் கற்பித்தலுக்குரிய அறிவாக அரசு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த அறிவு ஆரணியின் அரசுப் பள்ளி வகுப்பறைக்கு வந்து சேரும் பாதைதான் போடப்படவில்லை.

ஊதியம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் இடத்தில் வந்த சமக்ர சிக்ஷா திட்டத்தில் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து செலவிடுகின்றன. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதோடு பிணைக்கப்பட்ட, மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25-க்கான சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. மாநிலம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். திட்ட நிதியில் தொங்கும் ஊதியம், தில்லிக்கும் சென்னைக்கும் இடையே எது நடந்தாலும் ஆடும் என்பது மட்டும் இங்கே சொல்ல வேண்டியது. கணக்கு ஆசிரியரின் சம்பளம் அப்படி ஆடுவதில்லை. உத்தரப் பிரதேசத்தில் இதே அட்டவணையின்படி நியமிக்கப்பட்ட பகுதிநேரப் பயிற்றுநர்களும் மாதம் 17,000 ரூபாய் கேட்டு அலகாபாத் உயர் நீதிமன்றப் படியேறினார்கள்.

கேள்வி கேட்காத படிவங்கள்

பொறுப்பை நிர்ணயிக்கச் சட்டத்தில் வழியே இல்லையா என்றால், தனியார் பள்ளிக்கு இருக்கிறது. சட்டத்தின் 18, 19-ஆம் பிரிவுகளின்படி அட்டவணை நிபந்தனைகளை நிறைவேற்றாத பள்ளியின் அங்கீகாரத்தை ரத்து செய்யலாம். பழைய பள்ளிகளுக்கு மூன்று ஆண்டு அவகாசம் தரப்பட்டது, அது 2013 மார்ச்சோடு முடிந்தது. அரசுப் பள்ளிக்கு அங்கீகாரச் சான்றே தேவையில்லை, ஆகவே ரத்து செய்யவும் ஒன்றுமில்லை. நிபந்தனையை எழுதியதும் அரசு, நிறைவேற்ற வேண்டியதும் அரசு, மீறினால் கேட்க வேண்டியதும் அரசு. இந்த இடத்தில்தான் கலைக்கல்வி கீழே விழுகிறது.

மேலிருந்து அளக்கும் கருவிகளும் கலையைப் பார்ப்பதில்லை. 2021-இல் நடந்த தேசிய அடைவுத் தேர்வு மொழி, கணக்கு, சூழ்நிலையியல், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றைச் சோதித்தது. தன்னார்வ அமைப்பு ஒன்று நடத்தும் ஏசர் ஆய்வு வாசிப்பையும் கணக்கையும் பார்க்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஐந்து பாடம், ஐந்நூறு மதிப்பெண். மாவட்டக் கூட்டங்களில் முதன்மைக் கல்வி அலுவலர் தலைமையாசிரியர்களிடம் கேட்பது தேர்ச்சி விழுக்காட்டைத்தான். கேட்கப்படாத விஷயத்துக்கு நேரம் ஒதுக்கும் தலைமையாசிரியர் தன் விருப்பத்தால் ஒதுக்குகிறார். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர் மாறுதலில் போனதும் வகுப்பும் போய்விடுகிறது.

2012-13-இல் தமிழ்நாடு கொண்டுவந்த முப்பருவமும் தொடர் மதிப்பீடும் ஒரு நல்ல தொடக்கம். பாடம் சாராத திறன்களுக்கும் தரநிலை போட வேண்டும் என்று அது சொன்னது. ஓவிய வகுப்பே நடக்காத பள்ளியிலும் அந்தக் கட்டத்தில் ஓர் எழுத்து எழுதப்பட்டுவிடும். பார்த்து மதிப்பிட ஓர் ஆசிரியர் இல்லாமல் போடப்படும் தரநிலை, குழந்தையைப் பற்றி எதையும் சொல்லாது.

பாராட்ட வேண்டியது 2022 நவம்பரில் தொடங்கிய கலைத் திருவிழா. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் போட்டிகள், இறுதியில் கலையரசன், கலையரசி பட்டங்கள். பறையும் கூத்தும் கரகமும் அரசுப் பள்ளி மேடையில் மரியாதையோடு ஏறின. அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்தது. பல பிள்ளைகள் முதன்முதலாக மாவட்டத் தலைநகரைப் பார்த்ததே அதனால்தான் இருக்கும். ஆயினும் விழா ஏற்கெனவே கையில் இருக்கும் திறமையைக் கண்டெடுக்கும். வீட்டில் பாட்டு வாத்தியார் வைத்த பிள்ளையும், அண்ணனிடம் பறை கற்ற பிள்ளையும் முன்னால் வருவார்கள். யாரும் கற்றுத் தராத பிள்ளை பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டும். கேரளத்தில் 1957 முதல் நடக்கும் பள்ளிக் கலோத்சவம் உலகமே வியக்கும் விழா. அங்கும் மேடை ஏறுவதற்காகத் தனியே பணம் செலவழித்துப் பயிற்சி பெறும் பழக்கம் பற்றிய விவாதம் ஓய்ந்ததில்லை. சட்டம் கேட்பது பள்ளியிலேயே கற்றுத்தரும் ஒரு கலைப் பயிற்றுநரை. ஆண்டுக்கு ஒரு விழா அதற்கு ஈடாகாது.

குலக்கல்வியின் நினைவு

நெசவு ஊரில் கலைக்கல்வி பற்றிப் பேசும்போது ஒரு பழைய காயத்தைத் தாண்டிப் போக முடியாது. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் குழந்தை பாதி நேரம் பள்ளிக்குப் போகும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகும். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, கடும் எதிர்ப்புக்குப் பின் 1954-இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றில் அது ஒரு திருப்புமுனை.

பட்டுத்தறிக்கு இந்த நினைவு இன்னும் கூர்மையானது. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் வைத்துக் கோர்வை போட்டு நெய்யும்போது நெசவாளர் பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். நெடுங்காலம் அந்த ஆள் குழந்தையாகவே இருந்தது. பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் விவரித்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பெற்றோருக்கு உதவுவதை அனுமதிக்கிறது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊரில் அந்த விதிவிலக்கு எவ்வளவு தூரம் நீளும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே, நெசவாளர் பிள்ளைக்குத் தறி சார்ந்த கலை கற்றுத்தரலாம் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படும் பெற்றோரின் பயம் நியாயமானது. பிள்ளையைத் தறிக்குழியில் இறக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர்கள் பள்ளிக்கே அனுப்புகிறார்கள். ஆனால் குலக்கல்வி ஒரு குழந்தைக்கு ஒரே கதவைக் காட்டியது. கலைக்கல்வி ஊரின் எல்லாக் குழந்தைக்கும், நெசவாளர் பிள்ளைக்கும் விவசாயி பிள்ளைக்கும் அரிசி ஆலைத் தொழிலாளி பிள்ளைக்கும், பெண்ணுக்கும் ஆணுக்கும், ஒரே வகுப்பில் கோடும் நிறமும் சுருதியும் கற்றுத்தருவது. கைவினைஞருக்கான தன் கடன் திட்டத்தில் 35 வயது நிரம்பியவர்களுக்கே உதவி என்று தமிழ்நாடு அரசு விதி வைத்ததும் பிள்ளைகள் குலத்தொழிலுக்குள் தள்ளப்படக் கூடாது என்பதை மனத்தில் கொண்டுதான். வயது வந்தவர் தொழிலைத் தேர்ந்தெடுக்கட்டும், குழந்தை எல்லாவற்றையும் கற்கட்டும் என்பது நல்ல கொள்கை. எல்லாவற்றையும் என்பதில் கலையும் அடங்கும்.

கேட்டவர்கள் பெற்றது

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இதே தமிழில் கலைக்கல்வி வேறு மாதிரி நடக்கிறது. இலங்கை அரசுப் பாடசாலைகளில் ஆறாம் தரம் முதல் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றில் ஒன்றை மாணவர் கற்க வேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பொதுத்தேர்வில் அழகியல் பாடங்கள் ஒரு தொகுதியாகவே இருக்கின்றன, சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் செயன்முறைத் தேர்வு உண்டு. தேர்வு இருப்பதால் ஆசிரியர் பணியிடம் இருக்கிறது. பணியிடம் இருப்பதால் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் நுண்கலை படித்து வெளிவருபவர்களுக்குப் பாடசாலை வேலைக்கு ஒரு வழி இருக்கிறது. போர் நடந்த ஆண்டுகளையும் தாண்டி இந்த ஏற்பாடு நின்றது. தேர்வு வந்தால் மனப்பாடமும் வரும் என்ற குறை உண்மைதான். ஆசிரியரே இல்லாத நிலையை விட அது எவ்வளவோ மேல்.

நியூயார்க் நகரம் தேர்வை நம்பவில்லை, கணக்கெடுப்பை நம்பியது. எந்தப் பள்ளியில் எத்தனை கலை ஆசிரியர், எத்தனை மாணவர் என்று 2006-07 கல்வியாண்டிலிருந்து ஆண்டுதோறும் பொது அறிக்கை வெளியிடப்பட்டது. 2014 ஏப்ரலில் நகரத்தின் கணக்குத் தணிக்கை அலுவலர் ஸ்காட் ஸ்டிரிங்கர் அந்த விவரங்களையே எடுத்து, ஐந்தில் ஒரு பள்ளியில் தகுதி பெற்ற கலை ஆசிரியர் முழுநேரமாகவும் இல்லை, பகுதிநேரமாகவும் இல்லை என்று காட்டினார். ஏழைக் குடும்பங்கள் வாழும் தெற்கு பிராங்க்ஸ், மத்திய புரூக்லின் பகுதிகளில் பற்றாக்குறை குவிந்திருந்தது. அந்த ஆண்டே நகர பட்ஜெட்டில் கலைக்கல்விக்கு 2.3 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கப்பட்டது. பள்ளி வாரியாகப் பெயர் போட்டு வெளியிடப்பட்ட எண்ணிக்கை செய்த வேலை அது.

கலிபோர்னியா மக்கள் 2022 நவம்பரில் வாக்களித்து, கலைக்கும் இசைக்கும் ஆண்டுதோறும் சுமார் 100 கோடி டாலர் தனியே ஒதுக்க வைத்தார்கள். மிகச் சிறியவை தவிர்த்த பள்ளி மாவட்டங்கள் அதில் 80 விழுக்காட்டை ஆசிரியர் நியமனத்துக்கே செலவிட வேண்டும், ஏற்கெனவே இருந்த செலவை இந்தப் பணத்தால் ஈடுகட்டக் கூடாது, ஆண்டறிக்கையை இணையத்தில் வெளியிட வேண்டும் என்பவை நிபந்தனைகள். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் ஏற்கெனவே இருந்த செலவை இந்தப் பணத்தால் ஈடுகட்டியதாக, அதன் முன்னாள் கண்காணிப்பாளரும் சில பெற்றோர்களும் 2025 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தார்கள். பணம் எதற்கு, யார் கணக்குக் காட்ட வேண்டும் என்பது சட்டத்தில் தெளிவாக இருந்ததால்தான் அந்த வழக்கே போட முடிந்தது.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு கணக்கை வெளியிடப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொரு மாணவரும் எமிஸ் தளத்தில் பதிவாகியிருக்கிறார்கள். 6 முதல் 8 வரை நூறு பேருக்கு மேல் உள்ள அரசுப் பள்ளிகள் எவை, அவற்றில் கலை ஆசிரியர் உள்ளவை எவை, கால அட்டவணையில் ஓவியத்துக்கும் இசைக்கும் உண்மையில் நடந்த பாடவேளைகள் எத்தனை ஆகிய மூன்று விவரங்களை மாவட்ட வாரியாக, பள்ளிப் பெயரோடு ஆண்டுக்கு ஒரு முறை வெளியிட்டால் போதும். நூறு பேர் இல்லாத சிறு பள்ளிகளுக்கு, அருகருகே உள்ள இரண்டு மூன்று பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் ஆசிரியரைத் தரலாம். இப்போது வேலை பார்க்கும் பகுதிநேர ஆசிரியர்களை முழுநேரமாக்கினால் அதற்கான கைகளும் தயாராகவே இருக்கின்றன. திருவண்ணாமலை மாவட்ட அரசு இசைப்பள்ளியில் படித்து வெளிவருபவர்களையும் புரிசைக் கூத்துக் கலைஞர்களையும் மதிப்பூதியத்தோடு வகுப்பறைக்கு அழைக்கலாம்.

மேலிருந்து இது நடக்கும் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் பெற்றோருக்கு இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 22-ஆம் பிரிவின்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு. சட்டத்தின் மத்திய மாதிரி விதிகள், அந்தத் திட்டத்தில் அட்டவணை அளவுகோலின்படி எத்தனை பகுதிநேர ஆசிரியர் கூடுதலாக வேண்டும் என்பதைக் குறிப்பிடச் சொல்கின்றன. எழுதியும் கிடைக்கவில்லை என்றால் 32-ஆம் பிரிவு இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் தரலாம், மூன்று மாதத்தில் அது முடிவு சொல்ல வேண்டும், திருப்தி இல்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். வழக்கறிஞர் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

ஆரணியிலும் ஒண்ணுபுரத்திலும் தேவிகாபுரத்திலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காரும் தாய்மார்களில் பலர், ஒரு கட்டம் தவறினால் புடவைக்கு என்ன ஆகும் என்று அறிந்தவர்கள். அடுத்த கூட்டத்தில் மேம்பாட்டுத் திட்டப் படிவம் கையெழுத்துக்கு வரும்போது, கலை ஆசிரியருக்கான கட்டத்தில் எண்ணை எழுதச் சொல்லிவிட்டு அவர்கள் கையெழுத்திட வேண்டும்.